முதல் உலகப்போர் இத்தாலியச் சிப்பாயையும் அவன் ஊரையும் என்ன செய்தது?

டிரியெஸ்டேயில் ஆய்வுப் பணிக்காகச் சில மாதம் தங்கியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை ரெடிபூலியா போர் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். மலைச்சரிவில் 22 பெரிய படிகள், உள்ளே லட்சம் பேரின் எலும்புகள். இத்தாலி அந்தப் போரில் ஜெயித்த பக்கம்தானே? பிறகு ஏன் இங்கே பலரும் அதைத் தோல்விபோலவே பேசுகிறார்கள்? ஜெயித்த நாடு நான்கே வருடத்தில் முசோலினி கைக்குப் போனது எப்படி?"

இத்தாலி ஜெயித்தது உண்மைதான். ஆனால் சண்டை போட்டவர்களை அந்த அரசு நம்பவில்லை. அந்தச் சந்தேகம் பதுங்குகுழியில் தொடங்கியது. கைதி முகாமில் பட்டினியாக மாறியது. போர் முடிந்தபின் ஊர்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. முசோலினி பலமாகக் காலூன்றியது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. நீளமாகத்தான் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர் இத்தாலியைத் தேடி வரவில்லை. 1882 முதல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் கூட்டணியில் இருந்த நாடு அது. 1914 ஆகஸ்டில் ஐரோப்பா பற்றி எரிந்தபோது நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டது. அப்புறம் இரண்டு பக்கமும் பேரம் பேசியது. 1915 ஏப்ரல் 26 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோடு லண்டனில் ரகசியமாக ஒப்பந்தம் போட்டது. டிரென்டோ, டிரியெஸ்டே, இஸ்திரியா, டால்மேஷியாவில் ஒரு பகுதி ஆகியவை கைக்கு வரும் என்பது கணக்கு. பிரதமர் சலாண்ட்ரா, வெளியுறவு அமைச்சர் சொன்னினோ, அரசர், இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தவிர யாருக்கும் விவரம் தெரியாது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை போர் வேண்டாம் என்றது. நடுநிலைதான் சரி என்று வாதாடிய முன்னாள் பிரதமர் ஜொலிட்டியின் இருப்பிடத்தில் ஏறத்தாழ 300 உறுப்பினர்கள் தங்கள் பெயர் அட்டையை வைத்துவிட்டு வந்தார்கள். உங்கள் பக்கம் நிற்கிறோம் என்பதற்கு அது அடையாளம். ஆனால் தெருவில் கவிஞர் டனுன்சியோவின் மேடைப்பேச்சும் மாணவர் ஊர்வலமும் களைகட்டின. மே 24 அன்று படை எல்லையைத் தாண்டிவிட்டது.

கிராமத்தில் யாரும் கேட்கப்படவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். போர் முடிவதற்குள் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார்கள், அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் விவசாயிகள். 1911 கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 38 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெற்கே கலாப்ரியாவில் அந்த எண்ணிக்கை 70-ஐ ஒட்டியிருந்தது. இத்தாலி ஒரே நாடாகி அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. தெற்கே சிசிலிக்காரர் பேசுவது வடகிழக்கே வெனிட்டோக்காரருக்குப் புரியாது, இரண்டு பேருக்கும் அதிகாரியின் புத்தக இத்தாலியமொழி புரியாது. அதுவரை அரசாங்கம் என்றால் அவர்களுக்கு வரி வசூலிப்பவரும் காவலரும்தான். இப்போது அதே அரசாங்கம் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, டிரியெஸ்டேயை மீட்டு வா என்றது. டிரியெஸ்டே எந்தத் திசையில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

நீங்கள் இப்போது தங்கியிருக்கும் நகரத்தின் பின்னால் உள்ள அந்தச் சுண்ணாம்புப் பாறை மேட்டைப் பார்த்திருப்பீர்கள். கார்ஸோ என்பது அதுதான். மண் குறைவு, தண்ணீர் கிடையாது. அங்கே பதுங்குகுழி தோண்ட முடியாது. பாறையை உடைத்து, கல்லை அடுக்கி, அதன் பின்னால் படுத்துக்கொள்ள வேண்டும். குண்டு விழுந்தால் இரும்புச் சில்லோடு கல் சில்லும் சேர்ந்து பறக்கும். அதனால் கண்ணிலும் தலையிலும் காயம்பட்டவர்கள் ஏராளம். முதல் மாதங்களில் இரும்புத் தலைக்கவசம்கூட இல்லை, 1915 கடைசியில்தான் பிரெஞ்சுக் கவசங்கள் வரத் தொடங்கின. முள்கம்பியை வெட்டுவதற்கு ஒழுங்கான கருவி இல்லை. 1915 கோடையில் காலரா வேறு. 1916 ஜூன் 29 அன்று சான் மிக்கேலே குன்றில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை விஷவாயுவைத் திறந்துவிட்டது. மூச்சுத்திணறிக் கிடந்தவர்களை ஆணி பதித்த கட்டைகளால் அடித்துக் கொன்றார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

இஸோன்ஸோ ஆற்றங்கரையில் 1915 ஜூன் முதல் 1917 செப்டம்பர் வரை இத்தாலி 11 முறை பெருந்தாக்குதல் நடத்தியது. ஒரே ஆறு, ஒரே மேடு, ஒரே முறை. முதலில் பீரங்கி, பின் நேருக்கு நேர் மேட்டை நோக்கி ஓட்டம். கொரிஸியா நகரம் 1916 ஆகஸ்டில் ஆறாவது தாக்குதலில்தான் கிடைத்தது. டிரியெஸ்டே கடைசிவரை எட்டவில்லை. 1918 நவம்பரில் எதிரிப் பேரரசு நொறுங்கியபோது இத்தாலியப் படை கப்பலில்தான் அங்கே வந்து இறங்கியது.

இந்தத் தாக்குதல்களுக்குத் தலைமை வகித்தவர் தலைமைத் தளபதி லூயிஜி கடோர்னா. 1870-ல் போப்பின் ரோமைப் பிடித்த தளபதியின் மகன். நேர்முகத் தாக்குதல் எப்படி நடத்துவது என்று போருக்குச் சற்று முன்புதான் கையேடு வெளியிட்டிருந்தார். மேற்கு முனையில் அந்த முறை எத்தனை பேரைத் தின்றது என்பது அதற்குள் உலகத்துக்கே தெரிந்துவிட்டது, அவர் மாறவில்லை. தாக்குதல் தோற்றால் காரணம் இரண்டுதான் என்பது அவர் எண்ணம்: கீழ்நிலைத் தளபதியின் கோழைத்தனம் அல்லது சிப்பாயின் ஒழுங்கீனம். 200-க்கும் மேற்பட்ட ஜெனரல்களைப் பதவியிலிருந்து தூக்கினார். சிப்பாய்க்கு அதைவிட மோசமான ஏற்பாடு இருந்தது.

ராணுவத்துக்குள் இருந்தவர்கள்மீது மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் வழக்குகள். விசாரணைக்குப் பின் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 750 பேர். ஒரு வருடம் முன்பே போருக்கு வந்த, இன்னும் பெரிய பிரெஞ்சுப் படையில்கூட இந்த எண்ணிக்கை இதைவிடக் குறைவு. விசாரணையே இல்லாமல் சுடப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். குற்றவாளி யார் என்று தெரியாவிட்டால் பிரிவிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சிலரைச் சுடலாம் என்றும் கடோர்னா சுற்றறிக்கை மூலம் அனுமதித்தார். பண்டைய ரோமானியப் படையின் தண்டனை அது, பத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. இருபதாம் நூற்றாண்டில் ஒரு ஐரோப்பிய ராணுவம் இதைத் தூசி தட்டி எடுத்தது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

கட்டன்ஸாரோ பிரிகேடின் கதை இதற்கு உதாரணம். பெரும்பாலும் கலாப்ரியாவின் ஏழை விவசாயிகள். 1917 ஜூலையில், கார்ஸோவில் மாதக்கணக்கில் கிடந்தபின், சாந்தா மரியா லா லோங்கா என்ற ஊரில் ஓய்வில் இருந்தார்கள். அமைதியான வேறு முனைக்கு மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தபோது, திரும்பவும் கார்ஸோ என்று உத்தரவு வந்தது. ஜூலை 15 இரவு கலகம் வெடித்தது. குதிரைப்படையும் கவச வண்டிகளும் வந்து அடக்கின. மறுநாள் காலை 28 பேரைச் சுட்டார்கள். அவர்களில் 12 பேர் குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள். மிச்சப் பிரிகேட் வரிசையாக முன்னணிக்கு நடந்தது.

1917 நவம்பரில் பதுவா பக்கத்தில் நடந்தது இன்னும் கேவலம். அணிவகுப்பைப் பார்வையிட்ட ஆண்ட்ரேயா கிரேசியானி என்ற ஜெனரலைப் பார்த்து ஒரு பீரங்கிப்படை வீரர் வாயில் புகைக்குழாயோடு சல்யூட் அடித்தார் என்பதற்காக, ஊர்மக்கள் பார்க்க அங்கேயே சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். எத்தியோப்பியாவில் பெயர் கெட்ட கிரேசியானி வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த கிரேசியானியின் உடல் 1931-ல் ஒரு தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது.

எல்லோரும் கார்ஸோவில் இல்லை. முனையின் பெரும்பகுதி ஆல்ப்ஸ் மலையில் ஓடியது. அடமெல்லோ, மார்மொலாடா, ஓர்ட்லெர் பக்கம் 3,000 மீட்டருக்கு மேலே பனிக்குள் சுரங்கம் வெட்டி வாழ்ந்தார்கள். அங்கே எதிரியைவிடப் பனிச்சரிவு அதிகம் பேரைக் கொன்ற நாட்கள் உண்டு. 1916 டிசம்பர் 13 அன்று மார்மொலாடாவில் ஒரே சரிவில் 270 ஆஸ்திரிய-ஹங்கேரியச் சிப்பாய்கள் அளவில் புதைந்தார்கள். கார்னியா மலைப்பகுதியில் முன்னணிக்குச் சோறும் குண்டும் கொண்டுபோக ஆள் இல்லாமல் அந்த ஊர்ப் பெண்கள் சுமந்தார்கள். வழக்கமாக வைக்கோல் சுமக்கும் கூடையை முதுகில் மாட்டி, அதில் 30, 40 கிலோ ஏற்றி, ஆயிரம் மீட்டர் ஏற்றம். இறங்கும்போது சிலசமயம் அதே வழியில் காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருவார்கள். வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தீனி போட வேண்டும். அந்தப் பெண்களில் ஒருவரான மரியா ப்ளோஸ்னர் மெண்டில் 1916 பிப்ரவரியில் குண்டடிபட்டு இறந்தார். அரசு அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1997-ல்.

சரி, கபொரெட்டோ என்ற பெருந்தோல்விக்கு வருவோம். இன்றைக்கும் இத்தாலியில் தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வினாலும், கால்பந்தில் அணி நொறுங்கினாலும், "இது கபொரெட்டோ" என்பார்கள். ஊர் இப்போது ஸ்லொவேனியாவில், கோபரிட் என்ற பெயரில் இருக்கிறது.

1917 அக்டோபர் 24 அதிகாலையில் ஆஸ்திரியப் படையோடு ஏழு ஜெர்மன் டிவிஷன்கள் சேர்ந்து தாக்கின. வாயுக்குண்டு, பள்ளத்தாக்கு வழியே வேகமான ஊடுருவல், மலையுச்சிக் காவல்களைச் சுற்றிவளைத்தல் எல்லாம் ஒன்றாக வந்தன. பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் பேர் வாங்கிய ஜெர்மன் தளபதி ரோமெல் அப்போது இளம் அதிகாரி, அவர் மூன்றே நாளில் ஆயிரக்கணக்கானோரைக் கைதுசெய்தார். இத்தாலியப் பக்கம் ஆட்கள் முன்வரிசையில் நெருக்கியடித்திருந்தார்கள், பின்னால் ஆழமான காவல் இல்லை, தொலைபேசிக் கம்பிகள் முதல் மணிநேரத்திலேயே அறுந்தன. ஒரு துளை விழுந்தது, அது கிழிசலானது. 100 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கி, பியாவே ஆற்றங்கரையில்தான் படை நின்றது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் கைதானார்கள், இன்னும் அதே அளவு பேர் பிரிவை இழந்து சாலைகளில் திரிந்தார்கள். 3,000 பீரங்கிகள் போயின.

அக்டோபர் 28 அன்று கடோர்னாவின் அறிக்கை வந்தது. இரண்டாம் படையின் பிரிவுகள் எதிர்க்காமல் கோழைத்தனமாகப் பின்வாங்கின அல்லது சரணடைந்தன என்று பழி முழுவதையும் சிப்பாய் தலையில் கட்டினார். அரசு பதறிப்போய் வார்த்தைகளை மாற்றப் பார்த்தது, அதற்குள் அறிக்கை வெளிநாட்டுக்குப் போய்விட்டது. தோல்விக்குக் காரணம் தளபதிகளின் பிழை என்பதை இன்று ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அன்று மேல்தட்டு நம்பியது வேறு: சோஷலிஸ்டுகளும், "பயனற்ற படுகொலை" என்று அந்த ஆகஸ்டில் எழுதிய போப் பதினைந்தாம் பெனடிக்டும் சேர்ந்து சிப்பாயின் மனதைக் கெடுத்துவிட்டார்கள், இது ராணுவ வேலைநிறுத்தம் என்றே பேசினார்கள். துளை விழுந்த பகுதியில் ஒரு படைப்பிரிவின் தலைமையில் இருந்த பதோலியோ சில நாட்களில் துணைத் தலைமைத் தளபதியானார். 1943-ல் பிரதமரே ஆனார். தண்டனை எப்போதும் கீழ்நோக்கித்தான் பாய்ந்தது.

இதற்குப்பின் நடந்ததுதான் என் வாதத்துக்கு ஆதாரம். நவம்பரில் கடோர்னா போய், நேப்பிள்ஸ்காரர் ஆர்மாண்டோ டியாஸ் வந்தார். பெரிய மேதை என்று சொல்லமாட்டேன். உணவு அளவைக் கூட்டினார், விடுப்பில் கூடுதல் நாட்கள் கொடுத்தார், முன்னணியில் இருந்தவர்களை முறைவைத்து ஓய்வுக்கு அனுப்பினார். ஒவ்வொரு சிப்பாயின் பெயரிலும் 500 லீரா காப்பீடு போட்டார்கள். சிப்பாய்களுக்கென்றே சித்திரம் போட்ட பத்திரிகைகள் வந்தன. 1899-ல் பிறந்த, பதினெட்டு வயதுப் பையன்களை அழைத்து வந்து நிறுத்தினார்கள். எந்தப் படையைக் கோழைகள் என்றார்களோ அதே படை பியாவே கரையில் நின்று தடுத்தது, 1918 ஜூனில் பெருந்தாக்குதலை முறித்தது, அக்டோபர்-நவம்பரில் விட்டோரியோ வெனிட்டோவில் ஜெயித்தது. வயிற்றுக்குச் சோறும் வீட்டுக்குப் போய்வர நாலு நாளும் கொடுத்தால் போதுமாயிருந்தது என்று சொன்னால் கொஞ்சம் எளிமைப்படுத்தல்தான், ஆனால் பெரிய பொய் இல்லை.

கைதிகளுக்கு நேர்ந்தது போரிலேயே அதிகம் பேசப்படாத பகுதி. மொத்தம் 6 லட்சம் இத்தாலியர்கள் எதிரி கையில் கைதானார்கள். அவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் முகாம்களில் இறந்தார்கள், பெரும்பாலும் பசியாலும் காசநோயாலும். கைதிக்குச் சோறு போடுவது பிடித்துவைத்தவர் பொறுப்புதான். ஆனால் நேச நாடுகளின் கடல் முற்றுகையில் கிடந்த ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் சொந்த மக்களுக்கே சோறு இல்லை. இது தெரிந்து பிரிட்டனும் பிரான்சும் தங்கள் கைதிகளுக்கு அரசு செலவில் உணவு அனுப்பின. இத்தாலி அரசு மறுத்தது. உணவு போகிறது என்று தெரிந்தால் முன்னணியில் இருப்பவரும் சரணடைந்துவிடுவார் என்பது காரணம். வீட்டார் அனுப்பும் பொட்டலம் மட்டும் போகலாம், அதுவும் தாமதமாக, பாதி வழியில் கெட்டுப்போய். ஏழை வீட்டில் எதை அனுப்புவது? மாத்ஹவுசன் என்ற பெயர் நமக்கு இரண்டாம் உலகப்போரோடு பழக்கம். முதல் போரிலேயே அங்கே இத்தாலியக் கைதிகள் பட்டினி கிடந்து செத்தார்கள். பிரெஞ்சுக் கைதிகளும் ஏறத்தாழ இதே எண்ணிக்கைதான், ஆனால் அவர்களில் இறந்தவர்கள் 20,000 அளவில். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் ரொட்டி.

1918 நவம்பரில் முகாம்கள் திறந்து, எலும்பும் தோலுமாக எல்லை தாண்டி வந்தவர்களை இத்தாலி எப்படி வரவேற்றது? திரும்பவும் முள்வேலிக்குள் வைத்து, எப்படிச் சரணடைந்தாய் என்று விசாரித்தது. அவர்கள் வீடு போய்ச் சேர வாரங்கள் ஆயின.

ஊரில் என்ன நடந்தது? ஆண் இல்லாத வீட்டில் ஏர் பிடித்ததும் அறுத்ததும் பெண்களும் சிறுவர்களும்தான். போர் முடியும்போது வெடிமருந்து, ஆயுதத் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 2 லட்சம் பெண்கள் இருந்தார்கள். ஃபியட்டின் தொழிலாளர் எண்ணிக்கை 4,000 சொச்சத்திலிருந்து 40,000 ஆனது. ஆலைகள் ராணுவ ஒழுங்கின்கீழ் ஓடின, வேலையை விட்டுப் போவதும் குற்றம். ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு முன்னணியிலிருந்து விலக்கு உண்டு என்பதால் விவசாயிக்கு அவர்மேல் கோபம். "புதரில் பதுங்கியவர்கள்" என்று பொருள்படும் வசைச்சொல் ஒன்று அப்போது நாடெங்கும் புழங்கியது. போருக்குப்பின் தொழிலாளியும் விவசாயியும் ஒன்றுசேராமல் போனதில் இந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

1917 ஆகஸ்டில் டூரினில் ரொட்டிக்கடை வாசலில் மாவு இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் தொடங்கிய கூச்சல் நான்கைந்து நாள் கலவரமானது, இயந்திரத் துப்பாக்கி வைத்து அடக்கினார்கள், ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். மாவு வந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. போர் நிற்கவேண்டும் என்றது.

கபொரெட்டோவுக்குப் பின் ஒரு வருடம் ஃப்ரியூலியும் வெனிட்டோவின் பாதியும் எதிரி ஆட்சியில் இருந்தன. லட்சக்கணக்கானோர் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு தெற்கே ஓடினார்கள், அங்கே அவர்களை "ஜெர்மன்காரர்கள்" என்று ஏசியவர்களும் உண்டு. ஓடாமல் நின்ற பெண்களில் பலர் படையினரின் வன்கொடுமைக்கு ஆளானார்கள். போர் முடிந்து கணவர் திரும்பியபோது வீட்டில் ஒரு கைக்குழந்தை. பல கணவர்கள் அதை ஏற்கவில்லை. பெற்றவள் இருக்கும்போதே அநாதையான அந்தப் பிள்ளைகளுக்காக செல்ஸோ கொஸ்தந்தீனி என்ற பாதிரியார் 1918 டிசம்பரில் போர்த்தோகுருவாரோவில் ஒரு காப்பகம் திறந்தார். அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பல தாய்மார்கள் கணவருக்குத் தெரியாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

மனம் உடைந்தவர்கள் தனிக்கணக்கு. ஏறத்தாழ 40,000 சிப்பாய்கள் மனநல விடுதிகளுக்குள் போய்வந்தார்கள். பேச்சு நின்றவர்கள், நடுக்கம் நிற்காதவர்கள், சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறவர்கள். மருத்துவர்களுக்கு முதலில் வந்த கேள்வி இது நடிப்பா என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க மின்சாரம் பாய்ச்சினார்கள். அரசுக்குச் சிப்பாய்மேல் இருந்த சந்தேகம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இங்கேயும் வந்தது. ஊர் அவர்களைப் "போர்ப் பைத்தியம்" என்று கூப்பிட்டது.

ஆனால் போர் சிப்பாய்க்கு வேறு சிலதையும் கொடுத்தது. போர்க்காலத்தில் ஏறத்தாழ 400 கோடி கடிதங்களும் அட்டைகளும் போய்வந்தன. எழுதத் தெரியாதவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி எழுதவைத்தார், பலர் பதுங்குகுழியிலேயே கற்றுக்கொண்டார்கள். பேச்சுவழக்கும் பொதுமொழியும் கலந்து பிழைகளோடு எழுதப்பட்ட அந்த இத்தாலியமொழிதான் சாதாரண மக்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்ட முதல் இத்தாலியமொழி என்று மொழியியலாளர்கள் சொல்வதுண்டு. ஒரே பகுதிக்காரர்களைக் கொண்ட சில பிரிவுகளில் இன்னொன்று நடந்தது. சார்டினியாத் தீவுக்காரர்களின் சஸ்ஸாரி பிரிகேட் மிகக் கடுமையான இடங்களுக்கு அனுப்பப்பட்டு, பேர் வாங்கி, ஊர் திரும்பி, 1921-ல் சார்டினியாவின் தன்னாட்சிக்கென்றே ஒரு கட்சி தொடங்கியது. அதன் தலைவர்களில் ஒருவரான எமிலியோ லுஸ்ஸூ பிற்பாடு முசோலினியின் சிறைத்தீவிலிருந்து தப்பித்தவர்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இறந்த சிப்பாய்கள் 6 லட்சத்துக்கு மேல், உறுப்பிழந்தவர்கள் நான்கரை லட்சம் அளவில். 1918 கடைசியில் இன்ஃபுளுயென்சா வேறு சில லட்சம் பேரைக் கொண்டுபோனது. விலைவாசி போருக்கு முன்பிருந்ததைப்போல நான்கு மடங்கை நோக்கி ஓடியது. பதுங்குகுழியில் அதிகாரிகள் வாயால் கொடுத்த வாக்குறுதி ஒன்று பாக்கி இருந்தது: போர் முடிந்தால் உழுபவனுக்கு நிலம். நிலம் வரவில்லை என்றதும் 1919-ல் ரோமைச் சுற்றியும் தெற்கிலும் முன்னாள் சிப்பாய்கள் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, கொடி பிடித்து, பெரும்பண்ணைகளின் தரிசுக்குள் புகுந்து உழத் தொடங்கினார்கள். அரசு அந்த செப்டம்பரில் ஓர் அரைகுறை ஆணை போட்டு அதைச் சட்டமாக்கியது. 1918 டிசம்பரில் 21 வயது நிரம்பிய ஆண்கள் எல்லோருக்கும், போரில் இருந்திருந்தால் அதற்குக் குறைந்த வயதினருக்கும் வாக்குரிமை வந்தது. 1919 நவம்பர் தேர்தலில் போரை எதிர்த்த சோஷலிஸ்டுகள் 156 இடங்களோடு முதலிடம், புதிதாகப் பிறந்த கத்தோலிக்கக் கட்சிக்கு 100. போரைத் தொடங்கிய பழைய தாராளவாதிகளை வாக்காளர்கள் இப்படித் தண்டித்தார்கள். பெண்களுக்கு வாக்கு கிடைக்கவில்லை. சொத்து விஷயத்தில் கணவரின் சம்மதம் வேண்டும் என்ற விதியை மட்டும் 1919 ஜூலையில் நீக்கினார்கள்.

இன்னொரு பக்கம், போர் முடிந்ததில் சந்தோஷப்படாத ஒரு கூட்டமும் இருந்தது. இருபது வயதில் நூறு பேருக்குக் கட்டளையிட்ட மாணவ அதிகாரி இப்போது குமாஸ்தா வேலைக்கு மனுப்போட வேண்டும். கத்தியும் கையெறிகுண்டுமாகப் பாயப் பழக்கப்பட்ட "ஆர்டிட்டி" என்ற அதிரடிப் படையினரை அமைதிக்காலத்தில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இவர்களுக்கு டனுன்சியோ ஒரு சொற்றொடரைக் கொடுத்தார்: ஊனமாக்கப்பட்ட வெற்றி. பாரிஸ் சமாதான மாநாட்டில் டால்மேஷியாவும் ஃபியூமே துறைமுக நகரமும் மறுக்கப்பட்டதை அது குறித்தது. 1919 செப்டம்பரில் அவரே படையினரோடு ஃபியூமேக்குள் புகுந்து ஒரு வருடத்துக்கும் மேல் ஆண்டார். பால்கனியிலிருந்து கூட்டத்தோடு கேள்வி-பதில் பேச்சு, ஆர்டிட்டியின் கறுப்புச்சட்டை எல்லாவற்றையும் முசோலினி அங்கிருந்து எடுத்துக்கொண்டார். அவருடைய பாசிஸ்ட் இயக்கம் 1919 மார்ச் 23 அன்று மிலானில் தொடங்கியபோது வந்தவர்களில் ஆர்டிட்டி கணிசம். 1920-ல் ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றியதும் பயந்துபோன நிலக்கிழார்களும் முதலாளிகளும் பணம் கொடுத்தார்கள். ஆள் போரிலிருந்து வந்தது, பணம் பயத்திலிருந்து வந்தது.

எல்லாச் சிப்பாயும் பாசிஸ்டானார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சோஷலிஸ்ட் ஆனவர்களும் அதிகம், வாயைத் திறக்காமல் வயலுக்குப் போனவர்கள் எல்லோரையும்விட அதிகம். ஆனால் சிப்பாயின் வலியை யாராவது தங்களுடையதாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய நேரத்தில் பழைய அரசுக்கு அந்த உரிமை இல்லை. சோஷலிஸ்டுகள் போரைத் திட்டும் வேகத்தில் போருக்குப் போனவரையும் சேர்த்துத் திட்டினார்கள். அந்தக் காலி இடத்தில் முசோலினி போய் நின்றார். ஆட்சிக்கு வந்ததும் முதல் அமைச்சரவையில் டியாஸைப் போர் அமைச்சராக்கினார். 1924-ல் டியாஸுக்கும் கடோர்னாவுக்கும் சேர்த்தே மார்ஷல் பட்டம் கொடுத்தார். கபொரெட்டோ கணக்கு அத்தோடு மூடப்பட்டது.

நீங்கள் பார்த்த ரெடிபூலியா 1938-ல் முசோலினி திறந்தது. படிகளில் வரிக்கு வரி "ஆஜர்" என்று செதுக்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் தெரிந்தவர்கள் 39,857, தெரியாதவர்கள் 60,330. அதற்கு எதிரே ஒரு குன்று இருக்கிறது, சாந்த் எலியா. முன்பு அங்கேதான் கல்லறைகள் இருந்தன. 1923-ல் திறந்த அந்த இடத்தில் சமையல் பாத்திரம், முள்கம்பி, சைக்கிள் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் கல்லறைமேல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் கவிதை எழுதியிருந்தார்கள். சில கவிதைகளில் கிண்டலும் இருந்தது. அதையெல்லாம் கலைத்துத்தான் இந்தப் படிகளுக்குள் அடுக்கினார்கள். அடுத்தமுறை போனால் சாலையைக் கடந்து அந்தக் குன்றில் ஏறிப் பாருங்கள், மாதிரிக்குச் சில இன்னும் இருக்கின்றன.

நேரம் இருந்தால் வடக்கே கார்னியாவில் செர்ச்சிவெந்தோ என்ற சின்ன ஊருக்கும் போகலாம். 1916 ஜூலை 1 அன்று நான்கு மலைப்படை வீரர்களை அங்கே கல்லறைத்தோட்டச் சுவரின் பின்னால் சுட்டார்கள். பீரங்கித் துணை இல்லாமல் பகல் வெளிச்சத்தில் செல்லோன் சிகரத்தில் ஏறச் சொன்னதை அவர்கள் பிரிவு எதிர்த்தது, அதுதான் குற்றம். அக்கம்பக்கத்துப் பையன்கள், அந்த மலையின் ஒவ்வொரு பாறையும் தெரிந்தவர்கள். 1996-ல் ஊரார் அவர்களுக்கு ஒரு கல் நட்டார்கள்.

டிரியெஸ்டே பற்றி ஒன்று மட்டும் பாக்கி. நீங்கள் தங்கியிருக்கும் அந்த ஊரின் பையன்களில் பெரும்பாலோர் ரெடிபூலியாவில் இல்லை. 1914-ல் டிரியெஸ்டேயும் டிரென்டோவும் ஆஸ்திரியப் பேரரசின் பகுதிகள். அங்கிருந்த இத்தாலியர்களும் ஸ்லொவேனியர்களும் பேரரசர் படையில்தான் சேர்க்கப்பட்டார்கள். டிரியெஸ்டேயின் 97-ஆம் ரெஜிமென்ட் ரஷ்யர்களோடு சண்டைபோட, இன்று போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே பிரிந்து கிடக்கும் கலீஷியாவுக்குப் போனது. டிரென்டோ பகுதியிலிருந்து போனவர்கள் 55,000-க்கு மேல், திரும்பாதவர்கள் 11,000-க்கு மேல். 1918-க்குப் பிறகு அவர்கள் ஜெயித்த நாட்டின் குடிமக்கள், ஆனால் தோற்ற படையின் சிப்பாய்கள். பதக்கத்தைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஸ்லொவேனியக் குடும்பங்களுக்கு அதற்குமேல் இன்னொன்றும் நேர்ந்தது. 1920 ஜூலையில் அவர்களுடைய பண்பாட்டு மன்றக் கட்டடத்தைப் பாசிஸ்டுகள் நகர நடுவில் எரித்தார்கள், பிறகு அவர்கள் மொழியில் பள்ளிக்கூடமும் இல்லாமல் போனது. உங்கள் வீட்டு உரிமையாளர் வயதானவராக இருந்தால், தாத்தா எந்தச் சீருடை போட்டிருந்தார் என்று கேட்டுப்பாருங்கள்.